ஐஸ் கடனுக்கு ஈடாய் வந்தது

பாசையூரில், அமலதாசனின் ஐஸ் பக்ரறியில்
உமி மூட்டைகளுக்குப் பின்னால் நின்றது,
வாய் கட்டிய சாக்குக்குள்.
"ஈடாய் வந்தது, டொக்டர்.
எண்பத்தேழில் ஒருத்தன் நூற்றிருபது கட்டி ஐசுக்குத்
தந்திட்டுப் போனவன். திரும்பி வரேல்லை.
எனக்கு இதைச் சொறியத்தானும் தெரியாது."

சாக்கை உரித்தேன்.
பதினாறு அங்குல அகலம், மாதுளந்தோல் நிறம்,
கம்பிகளுக்கு இருபுறமும் மீன்செவுள் போல ஒவ்வொரு துளை.
குளிரும் வெக்கையும் மாறி மாறி இழுத்ததில்
அரக்குப் பூச்சு முழுக்க மயிர்வெடிப்பு.
அதைக் குறை என்று தள்ளுகிறவர்கள் உண்டு.
நான் அதற்காகத்தான் வந்தேன்.
முகத்தில் காட்டவில்லை.

வீட்டில் ஏற்கெனவே மூன்று.
ஒன்று கப்பல்காரர் கையால் துறைமுகம் துறைமுகமாக வந்தது.
ஒன்றுக்குக் கழுத்துக் கோணல், ஆனாலும் குரல் தேன்.
மூன்றாவதின் விலையில் பாதியைத்தான்
ரெஜினோல்டுக்குச் சொன்னேன்.
மற்றப் பாதியை அவர் இன்னும் கேட்கவில்லை.

என் கைப்பையில் எப்போதும் ஒரு வாய்க்கண்ணாடி கிடக்கும்.
துளைக்குள் விட்டுத் திருப்பினேன், போன் வெளிச்சத்தில்,
பின் கடைவாய் பார்க்கிற மாதிரி.
தாங்குகட்டை இரண்டும் உறுதி.
பசை விட்ட இடம் ஒன்று; சொத்தை இல்லை.
லேபிளில் ஜப்பான் எழுத்து, எண்ணை மட்டும் வாசிக்கலாம்.
அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு
இரண்டு வெள்ளை முட்டைகள், பாற்பல் அளவில்.
அதையும் சொல்லவில்லை.
அதற்கும் சேர்த்து விலை போடுவார்.

"எவ்வளவு?"
"ஒண்டேகால் லட்சம்."
நான் வந்ததிலிருந்து மனிதர்
இடப்பக்கத்தால்தான் வெற்றிலை மென்றார்.
"எழுபத்தைஞ்சு தாறன்.
வலப்பக்கப் பல்லுக்கு வேர்ச் சிகிச்சையும் காசில்லாமல்."
கன்னத்தைத் தடவினார்.
"முதலில சத்தம் வருதோ எண்டு பாருங்கோ."

பெருநாளுக்கு வாடகைக்கு விடுகிற அம்பிளிபயர்,
மண்தொடுப்பு இல்லாத பிளக்.
போட்டவுடன் ஒரு ரீங்காரம், குளவிக்கூடு கலைந்தாற்போல.
கம்பியில் கை வைத்தேன், அடங்கியது.
எடுத்தேன், எழுந்தது.
அந்த நேரம் நான்தான் அதற்கு மண்.

பழைய பிக்கப், மெழுகு ஊற்றாதது;
பலகையில் நகம் பட்டாலும் கேட்டுவிடுகிற காது.
முதல் கம்பியை மீட்ட முன்
உள்ளேயிருந்து,
ஸ்பீக்கர் வழியாக,
கூரைத்தகடு அதிர:
இச் இச் இச்.

ஐஸ் அரைக்கிற பெடியன் மெசினை நிறுத்தினான்.
சுவரில் பல்லி சொல்லி எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.
நூறு வாற்சில் சொன்னது இதுதான் முதல்.

"சரி எண்டு சொல்லுது," என்றார் அமலதாசன்.
"எதுக்குச் சரி? நீங்கள் சொன்ன விலைக்கோ, நான் சொன்னதுக்கோ?"
அவர் சிலுவை போட்டுக்கொண்டார்,
உடனேயே அதற்கு வெட்கப்பட்டார்.
"கடைசியாய் விலை சொன்னது நீங்கள்தானே."

எண்ணிக் கொடுத்தேன்.
வியாழன் மூன்று மணிக்குக் கிளினிக்குக்கு வரச்சொன்னேன்.

இப்போது என் அறையில்.
கம்பி மாற்றி, பிரிட்ஜை நூலளவு பின்னே தள்ளி,
முட்டை இருக்கிற பக்கம் சரியாமல் மடியில் வைத்து வாசிக்கிறேன்.
அம்பை மூன்றுக்கு மேல் திருப்ப முடியாது.
நாலில் ஊளையிடத் தொடங்கிவிடும்:
வயிறு காலியாக இருப்பதால்
தான் போட்ட சத்தத்தைத் தானே விழுங்கி
மறுபடி போடும், இன்னும் பெரிதாக.
பலகைக் கிற்றார்காரருக்கு இந்த உபத்திரவம் கிடையாது.
எனக்கு இந்த உபத்திரவம் வேண்டும்.

நேற்று பத்தேகாலுக்குக் கரண்ட் போனது,
ஒரு கோர்டின் நடுவில்.
ஸ்பீக்கர் செத்தது.
மரம் மட்டும் மிச்சத்தைச் சொல்லி முடித்தது,
ஒரு அறைக்குப் போதுமான சத்தத்தில்.

அடுத்த அறையிலிருந்து ரெஜினோல்ட்:
"உண்மையாய் எவ்வளவு குடுத்தனீர்?"
முப்பத்தைந்து என்று வாயெடுத்தேன்.
உள்ளேயிருந்து, ஒரே ஒரு தரம்:
இச்.

"எழுபத்தைந்து," என்றேன்,
இருட்டில் அடுத்த கோர்டுக்கு விரலைத் தேடிக்கொண்டு.